ஒரு புள்ளியும் இரு புள்ளிகளும்

மும்பையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நான்காம் தளத்தில், சன்னல் இல்லாத சிறிய அறையொன்றில், ஆய்வு மாணவி ஒருத்தி இரவு நெடுநேரம் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். நுண்ணோக்கியின் அடியில் இருப்பவை ஈஸ்ட் செல்கள். அடுமனையில் ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட். இருண்ட பின்னணியில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பச்சைப் புள்ளி ஒளிரும். சில செல்களில் அந்த ஒன்று இரண்டாக விலகி நிற்கும். ஒரு மாதிரிக்கு 200 செல்கள். எத்தனை செல்களில் ஒரு புள்ளி, எத்தனை செல்களில் இரு புள்ளிகள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கண்ணாடித் தகட்டில் எந்த வகை ஈஸ்ட் இருக்கிறது என்பது எண்ணுகிறவளுக்குத் தெரியாது. உடன் பணிபுரிபவர் ஒருவர் தகடுகளின் மேல் வெறும் எண்களை மட்டும் எழுதித் தருவார். தெரிந்துவிட்டால், எதிர்பார்ப்பதையே கண் காணத் தொடங்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

அந்தப் பச்சைப் புள்ளியை உண்டாக்கும் முறை எளிமையானது. பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு குறுகிய டி.என்.ஏ. தொடரை நூறு முறைக்கு மேல் வரிசையாக அடுக்கி, ஈஸ்ட்டின் ஒரு குரோமோசோமில் ஓரிடத்தில் பதித்துவிடுகிறார்கள். அந்தத் தொடரை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்றோடு, பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்துச் செல்லுக்குள் உருவாகச் செய்கிறார்கள். ஒளிரும் புரதங்கள் ஓரிடத்தில் குவிவதால், குரோமோசோம் தான் இருக்குமிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. குரோமோசோம் படியெடுக்கப்பட்டதும் உண்மையில் புள்ளிகள் இரண்டாகிவிடுகின்றன. ஆயினும் நுண்ணோக்கியில் ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டு படிகளும் ஒன்றையொன்று விடாமல் ஒட்டியிருப்பதே காரணம். ஒரு புள்ளி என்றால் பிடிப்பு இருக்கிறது. உரிய காலத்துக்கு முன்பே இரு புள்ளிகள் என்றால் பிடிப்பு போய்விட்டது. அவளுடைய ஐந்தாண்டு ஆய்வு முழுவதும் இந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

செல் பிரிவைப் பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் பிரிதலையே நினைவில் வைத்திருப்பார்கள். குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நின்று, பிறகு இரு துருவங்களை நோக்கி விலகும் படம் அது. விலகும் கணம் வரை அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தது எது என்ற கேள்வி அந்தப் படத்தில் எழுவதில்லை. மனித செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள். அவற்றின் டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அத்தனையும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அகலமே உள்ள உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. பிரிவுக்கு முன் எல்லாம் படியெடுக்கப்பட்டு, 46 இணைகள் உருவாகின்றன. ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று, ஒன்றே ஒன்று, ஒவ்வொரு மகள் செல்லுக்கும் போய்ச் சேர வேண்டும். இந்தக் குவியலில் எது எதன் படி என்று செல் எப்படி அறியும்? எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அதற்குக் கண்களும் இல்லை, கைகளும் இல்லை.

பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டங்களைப் பங்கிடுவதை நினைத்துக்கொண்டால் விடை விளங்கும். ஒரே அளவான இரண்டிரண்டைச் சேர்த்துக் கட்டி வைத்து, பங்காளிகள் இருவரும் வந்து ஆளுக்கொரு பக்கம் கைவைத்த பிறகே கட்டை அவிழ்த்தால் பங்கு பிசகாது. முன்கூட்டியே அவிழ்த்துக் கூடத்தில் குவித்துவிட்டால், ஒருவர் வீட்டுக்கு இரண்டு அண்டாவும் மற்றவர் வீட்டுக்கு ஒன்றும் இல்லாமலும் போகலாம். செல்லும் இந்த வழியையே கைக்கொள்கிறது. குரோமோசோம் படியெடுக்கப்படும் வேளையிலேயே இரு படிகளும் சேர்த்துக் கட்டப்பட்டுவிடுகின்றன. இரு துருவங்களிலிருந்தும் வரும் நுண்குழல்கள் அவற்றை எதிரெதிர்த் திசைகளில் பற்றும் வரை கட்டு அவிழ்வதில்லை.

சரியாகப் பற்றப்பட்டதைச் செல் உணர்வதும் இந்தக் கட்டினால்தான். ஒரு படியை இந்தத் துருவமும் மற்றொன்றை அந்தத் துருவமும் இழுக்கும்போது, நடுவிலுள்ள கட்டு விட்டுக்கொடுக்காததால் இழுவிசை உண்டாகிறது. கயிறிழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கம் ஆள் இருந்தால்தானே கயிறு விறைக்கும்? இரு படிகளையும் ஒரே துருவம் பற்றியிருந்தால் விறைப்பு இல்லை. அவ்வாறு தொய்ந்திருக்கும் பிடியை அரோரா பி என்னும் நொதி தளர்த்திவிட, நுண்குழல்கள் மீண்டும் முயல்கின்றன. ஆக, சேர்த்துப் பிடித்திருப்பது பிரிதலுக்குத் தடை போலத் தோன்றினாலும், பிரிதல் பிசகாமல் நடக்க அதுவே முதல் தேவை. அவள் தன் வழிகாட்டியிடம் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது இது.

அந்தக் கட்டு எதனால் ஆனது என்பது 1997ஆம் ஆண்டில் துலங்கியது. வியன்னாவில் கிம் நாஸ்மித்தின் குழுவும், அமெரிக்காவின் பால்ட்டிமோரில் டக்ளஸ் கோஷ்லாண்டின் குழுவும், உரிய காலத்துக்கு முன்பே படிகள் விலகிவிடும் ஈஸ்ட் திரிபுகளைத் தேடிச் சென்று ஒரே புரதத்தை வந்தடைந்தன. அந்தப் புரதமும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்த கூட்டமைவுக்குக் கொஹீசின் என்று பெயர். எஸ்.எம்.சி.1, எஸ்.எம்.சி.3 என்ற இரண்டு நீண்ட புரதங்கள் ஒரு முனையில் கீல்போல இணைந்திருக்க, மறுமுனைகளை எஸ்.சி.சி.1 என்ற மூன்றாவது புரதம் கொக்கிபோல இணைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஒரு வளையம். நான்காவதாக ஒரு புரதம் அதனோடு ஒட்டி நிற்கிறது. வளையத்தின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர், டி.என்.ஏ. இழையின் தடிமன் 2 நானோமீட்டர். இரண்டு படிகளும் ஒரே வளையத்துக்குள் நுழைந்திருக்கத் தாராளமாக இடமுண்டு. 2008இல் ஈஸ்ட்டின் சிறு வட்டக் குரோமோசோம்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. வளையத்தின் மூன்று மூட்டுகளையும் வேதிப் பிணைப்பால் பூட்டிவிட்டு, புரதங்களின் வடிவத்தையே குலைக்கும் சோப்புக் கரைசலில் இட்டார்கள். அப்போதும் இரு படிகளும் பிரியவில்லை. பசைபோல ஒட்டி நிற்பதல்ல, கோத்து நிற்பது என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

கோத்தது எப்படி அவிழ்கிறது? செப்பரேஸ் என்னும் வெட்டுநொதி எஸ்.சி.சி.1 கொக்கியை அறுக்கிறது. அதுவரை அந்த நொதியைச் செக்யூரின் என்ற புரதம் கட்டிப்போட்டிருக்கிறது. கடைசிக் குரோமோசோமும் இரு துருவங்களாலும் பற்றப்பட்ட பிறகே செக்யூரின் அழிக்கப்பட்டு, நொதி விடுபடுகிறது. வளையங்கள் அறுபடுகின்றன, படிகள் விலகுகின்றன. இதை நிறுவிய 2000ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றை அவள் இளைய மாணவர்களுக்கு விரும்பிச் சொல்வாள். புகையிலைச் செடியைத் தாக்கும் ஒரு வைரசுக்குச் சொந்தமான வெட்டுநொதி உண்டு. குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலத் தொடரைக் கண்டால் மட்டுமே அது வெட்டும். அந்தத் தொடரை ஃபிராங்க் உல்மானும் நாஸ்மித்தும் உடன் பணியாற்றியோரும் ஈஸ்ட்டின் எஸ்.சி.சி.1க்குள் செருகினார்கள். செல்களைப் பிரிவுக்குச் சற்று முன்பு நிறுத்திவைத்து, வைரஸ் நொதியை உருவாக்கச் செய்தார்கள். செல்லின் சொந்த நொதி விடுபடாத நிலையிலும் குரோமோசோம்கள் துருவங்களுக்கு விலகிச் சென்றன. இழுவிசை ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. கட்டு அறுபடுவது ஒன்றே பாக்கியாக இருந்திருக்கிறது.

அவள் எண்ணும் ஈஸ்ட்டில் எஸ்.சி.சி.1 சிறு திரிபு கொண்டது. 25 டிகிரியில் அது நன்றாகவே வேலை செய்யும். 37 டிகிரிக்கு மாற்றினால் வளையம் நிலைகுலையும். பிரிவைத் தடுத்துச் செல்களை நிறுத்திவைத்திருந்தாலும் ஒரு புள்ளி இரண்டாகும். அத்தகைய தகடுகளை எண்ணி முடித்துக் குறியெண்களை விடுவித்துப் பார்க்கும்போது, 'இந்தச் செல் தவறு செய்தது' என்று எவரும் எண்ணுவதில்லை. வெப்பநிலை மாறியது, வளையம் தாங்கவில்லை. அவ்வளவே.

செம்பூரில் அவளுடைய பெரியம்மா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவது வழக்கம். பெரியம்மாவின் மகன், அவளுக்கு அண்ணன், 1996 சனவரியில் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். காகிதப் பைகள் செய்யும் ஒரு பயிற்சிக் கூடத்துக்கு நாள்தோறும் போய்வருகிறார். வீட்டில் தண்ணீர் பிடிப்பது அவர் பொறுப்பு. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் பிறர் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. வாளிகள் நிறைந்தபின் குழாயை இறுக மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டே உள்ளே வருவார்.

2024இல் ஒரு ஞாயிறு மாலை பெரியம்மா ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீதுகள் இருந்த இரும்புப் பெட்டியிலிருந்து பழுப்பேறிய உறை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். மகன் பிறந்த சில மாதங்களுக்குப் பின் எடுத்த குரோமோசோம் பரிசோதனை அறிக்கை. இணையிணையாக ஒட்டப்பட்ட குரோமோசோம்களின் படம். இருபத்தொன்றாம் இடத்தில் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று. மொத்தம் 47. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். இருபத்தெட்டு ஆண்டுகளாக அதை யாரும் அவருக்கு விளக்கிச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே வீட்டில் ஒரு விளக்கம் முடிவாகியிருந்தது.

1995 அக்டோபர் 24, சூரிய கிரகணம். வட இந்தியாவின் சில பகுதிகளில் முழுக் கிரகணம்; மும்பையில் பகுதிக் கிரகணம். காலை நேரம். பெரியம்மாவுக்கு அப்போது வயது 38, திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் கருவுறுதல், ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குடியிருப்பின் பொதுக் குழாயில் காலையில் ஒன்றரை மணி நேரமே தண்ணீர் வரும். வீட்டில் வேறு ஆள் இல்லை. முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு இரண்டு குடம் பிடித்து வந்தார். பிள்ளை பிறந்தபின் மாமியார் அதைத்தான் சொன்னார். கணவரும் மறுக்கவில்லை. அந்த இரண்டு குடங்களின் கனத்தைப் பெரியம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் சுமந்திருந்தார்.

அவள் முதலில் நாட்களைக் கொண்டு பேசினாள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு, உடலின் எல்லாச் செல்களிலும் 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது. அண்ணனின் அறிக்கையும் அப்படியே. அதற்குப் பொருள், கரு ஒற்றைச் செல்லாக இருந்தபோதே மூன்றும் அதில் இருந்தன என்பது. கரு உருவானது 1995 ஏப்ரலில். கிரகணம் வந்தது அக்டோபரில். அதற்குள் குழந்தையின் கையும் காலும் கண்ணும் உருவாகி, அவற்றின் ஒவ்வொரு செல்லிலும் 47 குரோமோசோம்கள் இருந்துவிட்டன. பெரியம்மா அன்று வெளியே போகாமல் இருந்திருந்தாலும் அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது.

பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப எதனால கண்ணு?" என்று கேட்டார்.

கிரகணம் இல்லை என்பதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி அவளுடைய துறையின் மையத்தில் வந்து விழுந்திருந்தது. ஒரு பெரிய மகிழ்ச்சியோடுதான் அவள் விளக்கத் தொடங்கினாள்.

வயதுக்கும் இந்நிலைக்கும் உள்ள தொடர்பை லயனல் பென்ரோஸ் 1933இலேயே புள்ளிவிவரங்களால் காட்டியிருந்தார்: தந்தையின் வயதன்று, தாயின் வயதே இதில் தொடர்புடையது. இருபத்தைந்து வயதில் ஏறத்தாழ 1,200 பிறப்புகளில் ஒன்று. நாற்பதில் ஏறத்தாழ 100இல் ஒன்று. காரணம் குரோமோசோம்களில் இருக்கிறது என்பது 1959இல் பாரிசிலிருந்து வெளிவந்தது. ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பான் ஆகிய மூவரின் பெயர்களில் வந்த அந்தக் கட்டுரைக்கு வேண்டிய செல் வளர்ப்பு முறையை அங்கே நிறுவியவர் கோத்தியே என்ற பெண் மருத்துவர். ஆனால் வயது ஏறினால் ஏன் குரோமோசோம் பிசக வேண்டும்? அதற்கு விடை தேட அந்த வளையங்களிடம்தான் வர வேண்டியிருந்தது.

பெரியம்மாவின் கையிலிருந்த கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றச் சொல்லி, பூத்தொடுக்கும் நூலில் இரண்டு துண்டுகளை அதற்குள் கோத்துக் காட்டினாள். ஆணின் உடலில் விந்தணுக்கள் பருவமடைந்த நாளிலிருந்து புதிது புதிதாக உருவாகின்றன. ஒவ்வொரு முறையும் புதிய படிகள், புதிய வளையங்கள். சில வாரங்களில் அவை தம் வேலையை முடித்துவிடுகின்றன. பெண்ணின் உடலில் அப்படியில்லை. பெண் சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைப்பையில் முட்டைச் செல்கள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாத வாக்கில் 60 முதல் 70 இலட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். ஒவ்வொன்றிலும் குரோமோசோம்கள் படியெடுக்கப்பட்டு, வளையங்கள் பூட்டப்பட்டு, குன்றல் பிரிவு தொடங்கி, அப்படியே நடுவில் நின்றுவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் முட்டை முதிர்ந்து வெளிவரும் மாதத்தில்தான் அந்தப் பிரிவு தொடர்கிறது. அதுவரை அந்த வளையங்கள் பிடித்திருக்க வேண்டும்.

இவை சற்று வேறுபட்ட வளையங்கள். கொக்கியாக எஸ்.சி.சி.1 இருக்குமிடத்தில் பெரும்பாலும் ரெக்8 என்ற புரதம் இருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்த குரோமோசோமும் அப்பாவிடமிருந்து வந்த அதன் இணையும் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டு சேர்ந்து நிற்பது முதற்கட்டம். குரோமோசோம்களின் கைப்பகுதிகளில் உள்ள வளையங்களே அந்தச் சேர்க்கையைக் குலையாமல் வைத்திருக்கின்றன. முதற்பிரிவில் கைப்பகுதி வளையங்கள் மட்டும் அறுபடும். நடுப்பகுதியில் உள்ளவை அறுபடாமல் ஷுகோஷின் என்ற புரதம் காக்கும். சப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள்படும் அந்தப் பெயரை 2004இல் யோஷினோரி வத்தனாபேயின் குழு சூட்டியது. இரண்டாம் பிரிவில் மீதமுள்ளவையும் அறுபடும்.

இத்தனை ஆண்டுகளில் தேய்ந்த வளையத்துக்குப் பதில் புதியது பூட்டப்படுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. எலிகளில் அதே புகையிலை வைரஸ் நொதியைக் கொண்டு சோதித்தார்கள். பிறப்பதற்கு முன் பூட்டப்படும் ரெக்8ஐ அந்த நொதி வெட்டக்கூடியதாகவும், பிறந்த பின் உருவாக்கப்படும் ரெக்8ஐ வெட்டமுடியாததாகவும் அமைத்துவிட்டால், புதிய வளையங்கள் பழையவற்றுக்கு ஈடாகின்றனவா என்று கண்டறியலாம். ஈடாகவில்லை. 2010இலும் 2016இலும் வெளியான சோதனைகள், முட்டைச் செல்லின் நீண்ட காத்திருப்பில் பழைய வளையங்களே பொறுப்பேற்கின்றன, புதுப்பித்தல் புலப்படவில்லை என்று காட்டின. முதிய எலிகளின் முட்டைகளில் குரோமோசோம்களின் மேலுள்ள ரெக்8 வெகுவாகக் குறைந்துபோயிருப்பதையும் 2010இல் கண்டார்கள். வயதோடு குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இது இன்று கருதப்படுகிறது.

"நீங்க பொறந்தது 57 பிப்ரவரி இல்லையா பெரியம்மா? அப்ப இந்த வளையமெல்லாம் 56லேயே போட்டாச்சு. நீங்க பாட்டி வயித்துல இருக்கும்போதே."

அதே 1956இல்தான் மனித செல்லில் உள்ள குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று சுவீடனின் லுண்ட் நகரிலிருந்து ஜோ ஹின் டியோவும் ஆல்பர்ட் லெவானும் அறிவித்தார்கள் என்பது அவள் நினைவுக்கு வந்தது. உலகம் சரியாக எண்ணக் கற்றுக்கொண்ட அந்த ஆண்டில் பூட்டப்பட்ட வளையங்கள் 1995 வரை பிடித்திருந்திருக்கின்றன. இந்தப் பொருத்தத்தின் அழகில் அவள் ஒரு கணம் தோய்ந்துபோனாள்.

பெரியம்மா வளையலையும் நூலையும் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்படின்னா எங்கம்மா என்னமோ பண்ணிட்டாங்கன்னு சொல்றியா? அவங்க அப்ப வயக்காட்டு வேலைக்குப் போய்ட்டு இருந்தாங்க. சரியாச் சாப்பாடுகூட இருந்திருக்காது."

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு ஆண்டுப் பழியை இறக்கி வைக்க வந்தவள், அதை இறந்துபோன பாட்டியின் தலையில் தூக்கி வைத்துவிட்டிருந்தாள். ஒரு காரணத்தைச் சொன்னால் அதில் ஒரு குற்றவாளியைத் தேடிக்கொள்ளும்படி பழகிப்போன காதுகளுக்கு, அறிவியலின் காரணமும் கிரகணத்தைப்போல இன்னொரு குற்றச்சாட்டாகவே போய்ச் சேர்ந்திருந்தது. கூடுதல் 21ஆம் குரோமோசோம் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குத் தாய்வழியே வருகிறது என்ற கணக்கைச் சொல்ல அவள் வாய் வரை வந்திருந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினாள்.

அது பொய்யான கணக்கன்று. எந்த வளையம் நீண்ட காலம் பிடித்திருக்கும்படி விடப்பட்டிருக்கிறதோ, அதில்தான் காலத்தின் தேய்மானம் தெரியும் என்பதே அதன் பொருள். பெண்ணின் செல்லில் குறை மிகுதி என்பது பொருளன்று. சில வாரங்கள் பிடிக்க வேண்டிய வளையத்தையும் நாற்பது ஆண்டுகள் பிடிக்க வேண்டிய வளையத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையுமன்று. ஆனால் வெறும் எண்ணாக அது சமையலறைக்குள் நுழைந்தால் மாமியாரின் குரலில்தான் ஒலிக்கும்.

அவள் மீண்டும் தொடங்கினாள். பாட்டி வயல் வேலைக்குப் போகாமல் படுத்தே இருந்திருந்தாலும் அந்த வளையங்கள் அப்போதுதான் பூட்டப்பட்டிருக்கும். உலகில் எல்லாப் பெண்களுக்கும் அவர்களுடைய தாயின் வயிற்றில்தான் பூட்டப்படுகின்றன, அவளுக்கும் அப்படியே. இருபது வயதில் பெறும் தாய்க்கும் இது நேர்கிறது. இளம் வயதில் பிள்ளை பெறுகிறவர்களே மிகுதி என்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பலர் இளம் தாய்மார்களின் பிள்ளைகள்தாம். நாற்பது வயதில் பெறுகிறவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இது நேர்வதில்லை. பெரியம்மாவின் அந்த ஒரு முட்டையில் எந்த வளையம் எப்போது விட்டது, வளையம்தான் விட்டதா, நுண்குழல்தான் தவறிப் பற்றியதா என்பதை இன்று எந்த ஆய்வகத்தாலும் கண்டறிய முடியாது. யாரும் எதையும் செய்ததால் வந்ததன்று. யாராவது எதையாவது செய்திருந்தால் தடுத்திருக்கக் கூடியதும் அன்று.

"யாரும் பண்ணலை," என்று பெரியம்மா திருப்பிச் சொன்னார். கேள்வியாகச் சொன்னாரா, உறுதியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "இதைத் தமிழ்ல எழுதிக் குடு. நாலு வரி போதும். அதோட வச்சிருக்கேன்," என்றார்.

மறுநாள் ஆய்வகத்தில் அவள் தன் ஆய்வேட்டின் முன்னுரையைத் திறந்தாள். இந்த ஆய்வு ஏன் வேண்டும் என்று விளக்கும் முதல் பத்தியில், இத்துறையின் கட்டுரைகளில் எங்கும் புழங்கும் 'தாய்வழிப் பிழை' என்ற தொடர் இரண்டு இடங்களில் இருந்தது. 'முதிய முட்டைகளின் தரக்குறைவு' என்று ஓரிடத்தில் இருந்தது. எழுதும்போது அவை உறுத்தவில்லை. மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியவைதாம். 37 டிகிரியில் இரு புள்ளிகளாகப் பிரியும் ஈஸ்ட்டைப் பற்றி எழுதும்போது 'பிடிப்பு இழப்பு' என்றே அதே ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் எழுதியிருந்தாள். ஈஸ்ட்டுக்குக் கிடைத்த அந்த நடுநிலைச் சொல்லை அவள் முன்னுரையிலும் இட்டாள். 'பிறப்புக்கு முன் பூட்டப்பட்ட கொஹீசின், பல பத்தாண்டுகளுக்குப் பின் பிடிப்பை இழப்பது' என்று எழுதினாள். வாக்கியம் நீண்டுவிட்டது. வழிகாட்டி சுருக்கச் சொல்லக்கூடும். சுருக்குவதாக இருந்தாலும் பழைய சொல்லுக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

பெரியம்மா கேட்ட நான்கு வரிகள் அதைவிடக் கடினமாக இருந்தன. நுண்குழல் இல்லாமல், ரெக்8 இல்லாமல், விழுக்காடு இல்லாமல் எழுத வேண்டும். எதிர்பார்ப்பதையே காணும் கண்களும் அதை ஒருநாள் படிக்கக்கூடும் என்பதை மறக்காமல் எழுத வேண்டும். மூன்று முறை கிழித்துப் போட்டபின் அடுத்த ஞாயிறு கொண்டுபோனது இது:

'குழந்தைக்கு 21ஆம் குரோமோசோம் மூன்று இருக்கிறது. கரு உண்டான நாளிலேயே அது அப்படி இருந்தது. அதன்பின் அம்மா உண்டது, நடந்தது, வெளியே போனது எதனாலும் வந்ததன்று. அம்மாவோ அப்பாவோ பாட்டியோ செய்த எதனாலும் வந்ததன்று.'

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். 'குழந்தைக்கு' என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் மகனின் பெயரை எழுதினார். தாளை நான்காக மடித்து அறிக்கையோடு உறைக்குள் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, பெட்டியை மூடிவிட்டுத் தாளை மட்டும் எடுத்துப் பூசையறை நாட்காட்டியின் ஆணியில் செருகினார். வீட்டுக்கு வருகிறவர்கள் எவரும் பார்க்கக்கூடிய இடம் அது.

வாசலில் வாளிகள் உருளும் ஓசை கேட்டது. "அம்மா, தண்ணி வந்துருச்சு," என்று அண்ணன் குரல் கொடுத்தார். பெரியம்மா எழுந்து போகவில்லை. அது அவர் மகனின் வேலை.